செதில் இல்லாமலும் சொரியாசிஸ் வருமா?

கேள்வி: எட்டு ஆண்டுகளாக முழங்கையிலும் முழங்காலிலும் சொரியாசிஸ் இருக்கிறது. சில மாதங்களாக அக்குளும் தொடை இடுக்கும் சிவந்து எரிகின்றன, செதில் இல்லை. படர்தாமரை என்று நினைத்து மருந்துக்கடையில் வாங்கிய களிம்பைப் பூசினேன். அடங்கியதுபோல் இருந்து, முன்பைவிட அதிகமாகிவிட்டது. நகங்களிலும் சிறு குழிகள் தெரிகின்றன. எல்லாம் ஒரே நோயா?

பதில்: ஒரே நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். தோலின் அடியடுக்கில் உருவாகும் செல்கள் மேலே வந்து உதிர வழக்கமாக ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸில் நோய் எதிர்ப்பு மண்டலம் தேவையின்றித் தூண்டப்படுவதால், அந்தப் பயணம் 3 முதல் 5 நாட்களில் முடிந்துவிடுகிறது. முதிராத செல்கள் ஒழுங்காக உதிராமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவதைத்தான் வெள்ளிச் செதில் என்கிறோம். முழங்கை, முழங்கால், தலை, இடுப்பின் பின்புறம் ஆகிய இடங்களில் தடித்த படையாக வரும் இந்த வகையே மிகப் பரவலானது. நோயாளிகளில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு இதுதான் இருக்கிறது. அந்தச் செதிலைச் சுரண்டினால் மெழுகுபோல் பொடியும், அடியில் ஊசிமுனை அளவில் ரத்தம் துளிர்க்கும். இதை வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம்; இந்நோய் உள்ளவர்களுக்குக் கீறல் விழுந்த இடத்திலேயே புதிய படை முளைப்பதுண்டு.

அக்குள், தொடை இடுக்கு போன்ற மடிப்புகளில் ஈரமும் உராய்வும் ஓயாமல் இருப்பதால் செதில் தங்குவதில்லை. அங்கே இந்நோய் வழவழப்பான, ஓரம் தெளிந்த சிவப்புத் திட்டாகவே தென்படும். படர்தாமரையில் ஓரம் சற்று மேடாகவும் செதிலுடனும் இருக்க, நடுப்பகுதி தெளிந்து வரும். ஆனால் ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசிய பிறகு இந்த அடையாளங்கள் குழம்பிவிடும் என்பதால், தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துப் பூஞ்சை உண்டா என்று உறுதி செய்வதே நல்லது. கடையில் பெயர் சொல்லி வாங்கும் களிம்புகள் மீது எனக்கிருக்கும் கோபம் இதனால்தான். மடிப்புத் தோல் மெல்லியது, வீரியமான ஸ்டீராய்டைத் தொடர்ந்து பூசினால் இன்னும் மெலிந்து வரிகள் விழுந்துவிடும்.

நகக் குழிகளை அலட்சியப்படுத்தாதீர்கள். சொரியாசிஸ் உள்ள 10 பேரில் 3 பேர் வரை மூட்டழற்சிக்கு ஆளாகலாம். நகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் மூட்டு விறைப்பாக இருந்தாலோ, ஒரு விரல் முழுவதும் வீங்கினாலோ, குதிகால் வலித்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். மூட்டு ஒருமுறை சிதைந்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது.

கேள்வி: தொண்டை வலி வந்து மூன்று வாரம் கழித்து என் 12 வயது மகனின் உடம்பெங்கும் துளித்துளியாகச் சிவப்புப் புள்ளிகள் வந்துள்ளன. சொரியாசிஸ் என்கிறார்கள். தங்கைக்கு ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: ஒட்டாது. தொழுநோயோடு சேர்த்து எண்ணப்பட்ட காலத்தின் மிச்சம்தான் இந்த அச்சம். 1841-இலேயே வியன்னா மருத்துவர் ஃபெர்டினாண்ட் ஃபான் ஹீப்ரா இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்று பிரித்துக் காட்டிவிட்டார். மகனுக்கு வந்திருப்பது பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமித் தொற்றைத் தொடர்ந்து சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் வரும் துளி வகை. பலருக்குச் சில மாதங்களில் மறைந்துவிடும். சிலருக்குப் பின்னாளில் படை வகையாக மாறக்கூடும்.

கேள்வி: தோல் நன்றாகிவிட்டதென்று ஸ்டீராய்டு மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன். இப்போது உடம்பு முழுவதும் சிவந்து, அங்கங்கே சீழ்க் கொப்புளங்களும் குளிர் நடுக்கமும் உள்ளன.

பதில்: இந்தப் பதில் அச்சேறும்வரை நீங்கள் காத்திருக்கவில்லை என்று நம்புகிறேன். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தும்போது சொரியாசிஸ் சீழ்க்கொப்புள வகையாகவோ உடல் முழுதும் சிவக்கும் வகையாகவோ வெடித்துக் கிளம்பக்கூடும். அந்தச் சீழில் கிருமி இருப்பதில்லை. ஆயினும் வெப்பத்தையும் நீரையும் காக்கும் வேலையைத் தோல் இழந்துவிடுவதால் உயிருக்கே ஆபத்து நேரலாம். உடனே மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை இது. போகும்போது மாத்திரை அட்டையை எடுத்துச் செல்லுங்கள். எந்த நாளில் நிறுத்தினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.