பெயின்ட் நீக்கியின் ஆவி: கேள்வி பதில்

கேள்வி: கரிவடிகட்டி முகமூடி அணிந்து, மெத்திலீன் குளோரைடு கலந்த பெயின்ட் நீக்கியைப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும் இக்கரைப்பானின் ஆவியைக் கரி நெடுநேரம் பிடித்து வைப்பதில்லை. தூய காற்றைக் குழாய் வழியே செலுத்தும் முகக்கவசமே தேவை.

கேள்வி: வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகும் தலைவலி நீடிப்பது ஏன்?

பதில்: உள்ளே சென்ற மெத்திலீன் குளோரைடின் ஒரு பகுதியைக் கல்லீரல், இரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதைத் தடுக்கும் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது. கொழுப்பில் தங்கியது மெல்ல வெளிவருவதால், நல்ல காற்றுக்கு வந்த பின்னும் இம்மாற்றம் மணிக்கணக்கில் தொடரும். இதய நோய் உள்ளவருக்கு இது மிகவும் ஆபத்தானது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே மருத்துவரிடம் கரைப்பானின் பெயரைச் சொல்லி, இரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபின் (கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபின்) அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நைட்ரைல் கையுறை போதுமா?

பதில்: போதாது; சில நிமிடங்களிலேயே ஊடுருவிவிடும். இக்கரைப்பானுக்கெனச் சோதிக்கப்பட்ட பல அடுக்கு லேமினேட் கையுறையை அணியுங்கள்.

கேள்வி: பல ஆண்டுகளாகத் தொட்டிகளில் பெயின்ட் உரிக்கிறேன். வாடை அடித்தால் வெளியே வந்துவிடுவேன். மூக்கைவிட நல்ல கருவி உண்டா?

பதில்: இந்த நம்பிக்கைதான் ஆளைக் கொல்கிறது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா அனுமதிக்கும் எட்டு மணி நேரச் சராசரி 25 பிபிஎம், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 25 பங்கு ஆவி. பலருக்கு வாடை தெரிவதோ ஏறத்தாழ 200 பிபிஎம்மை எட்டிய பிறகு. சிறிது நேரத்தில் மூக்கும் அதற்குப் பழகிவிடும்.

கேள்வி (அவரே): சன்னலைத் திறந்துவைத்துத்தான் வேலை செய்கிறேன்.

பதில்: ஆவி காற்றைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு கனமானது, தொட்டியின் அடியில் தேங்கும். நீங்கள் குனிந்து சுரண்டும்போது உங்கள் முகம் அந்தத் தேக்கத்துக்குள்தான் இருக்கிறது. மேலே திறந்திருக்கும் சன்னல் அதை அசைப்பதில்லை. உறிஞ்சு குழாயின் வாய் அடிமட்டத்தில் இருக்க வேண்டும். புதுக்காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். செறிவு கூடினால் இந்த ஆவி மயக்க மருந்தைப் போல் வேலை செய்யும். வெளியேற வேண்டும் என்ற உணர்வே அப்போது மங்கிவிடும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், காற்றுக்குழாய்க் கவசம் இல்லாமல் அவரைத் தூக்க இறங்காதீர்கள்.

கேள்வி: முகமூடியில் இரட்டை வடிகட்டி பொருத்தினால்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். இரண்டும் கரிதான்.

கேள்வி: மாற்று உண்டா?

பதில்: பென்சைல் ஆல்கஹால் கலவைகள் உண்டு, மெதுவாக வேலை செய்யும் என்பதால் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். என்எம்பி (என்-மெத்தில் பைரோலிடோன்) என்ற கரைப்பான் கலந்ததைப் பாதுகாப்பானதென்று வாங்காதீர்கள். அது தோல் வழியே உடலில் சேர்ந்து, வளரும் கருவுக்குத் தீங்கு செய்யக்கூடியது.

கேள்வி: காற்றோட்டமான கூடத்தில் சாதாரண முகமூடி...

பதில்: கூடத்திலும் காற்றை அளந்து பார்க்காமல் தொடங்காதீர்கள். முகமூடிக்கு முதல் பதிலே பதில்.