வெண்டிலேட்டரை எடுக்கச் சொல்கிறார்கள்: அக்காவிடம் என்ன சொல்வது?

ஐசியூவில் இருக்கும் மகனுக்கு ‘வெண்டிலேட்டரை எடுத்துவிடலாமா’ என்று டாக்டர் கேட்டதும் ‘நானே கொல்வதா’ என உங்கள் அக்கா உடைந்துவிட்டார் என்கிறீர்கள். என்னைக் கேட்டால் இது கொலை இல்லை, கொண்டுபோவது நோய்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: மூளைச்சாவா (மூளை முழுவதும் நிரந்தரமாக நின்றுவிட்டதா), இல்லை மீளாத மூளைச் சேதமா (ஓரளவு இயங்கினாலும் இனி தேறாத நிலையா)? மூளைச்சாவு என்றால் குறைந்தது 6 மணி நேர இடைவெளி விட்டு இருமுறை சோதிப்பார்கள். வெண்டிலேட்டரைப் பிரித்துவிட்டு, தானாக நெஞ்சு அசைகிறதா என்று பார்ப்பதும் அதில் உண்டு. சேதம் என்றால், உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லி 2023இல் எளிதாக்கிய முறைப்படி வெண்டிலேட்டரை எடுக்க இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். பாரம் அக்கா தலையில் மட்டும் இல்லை.

பில் ஏறுகிறதே என்று ‘வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்’ என எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளை வழியில் மூச்சுத் திணறுவான். திணறல் தெரியாமல் இருக்க மருந்து கொடுத்த பிறகே குழாயை எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், மடியில் வைத்துக்கொள்ள விடுவார்களா என்றும் கேளுங்கள்.