எந்த லென்ஸை மாட்டிக்கொண்டு வீட்டை விட்டு இறங்குவது?

ஞாயிறு காலையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு நடக்கிற எங்கள் சிறு கூட்டத்தில், யார் புதிதாகச் சேர்ந்தாலும் இரண்டாவது வாரமே லென்ஸைப் பற்றிக் கேட்டுவிடுவார்கள். போன வாரம் சுசீந்திரம் தெப்பக்குளக் கரையில் உட்கார்ந்து, வெயில் ஏறும்வரை பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். நினைவில் நின்றவற்றை எழுதுகிறேன்.

அண்ணா, கேனன் கேமராவோடு வந்த 18-55 இருக்கிறது. அதை விற்றுவிட்டு 18-135 வாங்கட்டுமா? (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

மக்களே, காசைக் கையில் எடுக்குமுன் ஒரு வேலை செய். கடைசியாக எடுத்த இருநூறு படங்களைக் கணினியில் திறந்து பார். எத்தனை மில்லிமீட்டரில் (எண் சிறிதானால் காட்சி அகலமாகும், பெரிதானால் தூரம் கிட்டே வரும்) எடுத்தது என்று ஒவ்வொன்றின் விவரத்திலும் பதிவாகியிருக்கும். பெரும்பாலானவை 55-இல் போய் முட்டி நின்றால் உனக்கு எட்டவில்லை என்று பொருள், 18-135 வாங்கலாம். பெரும்பாலானவை 18-இலேயே இருந்தால் உனக்குப் பின்வாங்க இடமில்லை. 135 வாங்கி அந்தக் குறை தீராது. நடுவிலே பரவிக் கிடந்தால் இருக்கிற லென்ஸே போதும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். கன்னியாகுமரிக் கரையிலிருந்து திருவள்ளுவர் சிலையைத் தோராயமாக அரைக் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள். பீடத்தோடு உயரம் 133 அடி. கேமராவை நிமிர்த்திப் பிடித்தால், 55-இல் படத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் சிலை வரும். 135-இல் ஏறக்குறைய பாதி. அந்த வித்தியாசம் உனக்கு வேண்டுமா என்பதை நீதான் சொல்ல வேண்டும். எடையையும் மறக்காதே: புதிய வகை 18-55 சுமார் 200 கிராம், 18-135 அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

சார், நண்பர் ஒருவர் 24-105 எஃப் 4 லென்ஸை நல்ல விலைக்குத் தருகிறார். என் கேமரா கிராப் சென்சார். எடுக்கலாமா? (தக்கலை)

நல்ல லென்ஸ்தான், ஆனால் உங்கள் கேமராவுக்கு அன்றாட லென்ஸ் ஆகாது. கிராப் சென்சார் என்றால் படத்தைப் பதிக்கும் சில்லு சிறியது, ஃபுல் ஃப்ரேம் என்றால் பெரியது. கேனன் கிராப் சென்சாரில் 24 என்பது, ஃபுல் ஃப்ரேம் கணக்கில் ஏறத்தாழ 38 மி.மீ. காட்டுகிற அகலத்தைத்தான் காட்டும். எதிரே தெரிகிறதே, இந்த ஏழு நிலைக் கோபுரம், இதை அடியிலிருந்து நுனிவரை எடுக்க 18-க்கு இருபது இருபத்தைந்து மீட்டர் தள்ளி நின்றால் போதும். 24-க்கு முப்பத்தைந்து மீட்டராவது பின்னால் போக வேண்டும். திருவிழா நாளில் ரத வீதியில் அதற்கு எங்கே இடம்? பின்னால் வருகிறவர் காலைத்தான் மிதிப்பீர்கள்.

தெருவில் நடக்கிறவனுக்குத் தூரம் எட்டாவிட்டால் நான்கு அடி முன்னே போகலாம், வீட்டில் வந்து வெட்டிக்கொள்ளலாம். அகலம் குறைந்தால் சுவர்தான் தடுக்கும். அதனால் மேல் எண்ணைவிடக் கீழ் எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கும் எண்ணம் அடுத்த ஆண்டுக்குள் உறுதியாக இருந்தால் மட்டும் இதை எடுத்து வையுங்கள்.

தோவாளைப் பூச்சந்தையில் விடியுமுன் எடுத்த படங்கள் எல்லாம் கலங்கலாக வருகின்றன. லென்ஸில் அசைவுத் தடுப்பு இருக்கிறதே, பிறகு ஏன்? (ஆரல்வாய்மொழி)

இந்தக் குழப்பம் பலருக்கும் உண்டு. அசைவுத் தடுப்பு உங்கள் கை நடுங்குவதைச் சரிசெய்யும். பூ அள்ளிப் போடுகிறவர் கை அசைவதை அதனால் நிறுத்த முடியாது. பத்மநாபபுரம் அரண்மனையின் இருண்ட கூடத்தில் தூண்களை எட்டில் ஒரு வினாடியில் எடுக்க அது கைகொடுக்கும், ஏனென்றால் தூண் அசையாது. சந்தையில் எல்லாமே அசைகிறது. அங்கே ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நூற்றிருபத்தைந்தில் ஒரு வினாடி அல்லது அதற்கும் குறைவாக இருக்க வேண்டும். அதற்கு வெளிச்சம் வேண்டும்.

கேமராவோடு வந்த உங்கள் கிட் லென்ஸை 55-க்கு இழுத்தால் ஒளி புகும் துளை எஃப் 5.6 ஆகச் சுருங்கிவிடுகிறது (எஃப் எண் பெரிதானால் துளை சிறிது). சிக்மா, டாம்ரான் நிறுவனங்களின் 17-50 லென்ஸ் முழுத் தொலைவிலும் எஃப் 2.8 தரும். அதாவது நான்கு மடங்கு ஒளி. ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளியுணர்வு, குறைந்தால் படம் தெளிவு) 6400-இல் எடுத்த படத்தை 1600-இல் எடுக்கலாம். சிக்மாவுடையது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கழுத்து அதைச் சொல்லும். செலவு அதிகம் என்று தோன்றினால் கிட் லென்ஸை வைத்துக்கொண்டு 35 மி.மீ. எஃப் 1.8 பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிக்கானுடையது 200 கிராம்தான். சந்தைக்கு நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

நிக்கான் டி3500-க்குப் பழைய 50 மி.மீ. 1.8டி மலிவாகக் கிடைக்கிறது, அண்ணா. (மார்த்தாண்டம்)

வேண்டாம். உங்கள் கேமராவுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, அந்த லென்ஸுக்குள்ளும் கிடையாது. வளையத்தைக் கையால்தான் திருப்ப வேண்டும். மோட்டார் உள்ள 1.8ஜி என்று பார்த்து வாங்குங்கள்.

தேரூர்க் குளத்துப் பறவைகளையும் அன்றாட லென்ஸிலேயே எடுக்க முடியுமா? (சுசீந்திரம்)

முடியாது. 18-300 வாங்கினாலும் நாரை நடுவில் வெள்ளைப் புள்ளியாகத்தான் இருக்கும். பறவைக்குத் தனி லென்ஸ், தனிப் பொறுமை.

குளச்சல் கடற்கரையிலேயே வீடு. லென்ஸை எப்படிக் காப்பது, ஐயா? (மீன்பிடித் தொழில் செய்பவரின் மகள்)

எல்லாரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது, மகளே. கடற்காற்றில் வரும் உப்பு, கண்ணாடியில் மெல்லிய படலமாக உட்காரும். எடுத்தவுடன் துணியால் தேய்த்தால் மணலும் சேர்ந்து கீறிவிடும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதி, பிறகுதான் ஈரம் தொட்ட மென்துணி. முன்னால் யூவி ஃபில்டர் என்ற காப்புக் கண்ணாடி ஒன்று போட்டுக்கொள்; வேறு இடத்தில் அது வீண் செலவு என்று வாதாடுவேன், கடற்கரையில் மாட்டேன். கரையில் நின்று லென்ஸ் மாற்றாதே. அதற்காகவே உனக்கு 18-135 போன்ற ஒரே ஜூம் நல்லது.

இன்னொன்று பூஞ்சை. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஓர் ஆனி மழையில் என் 50 மி.மீ. லென்ஸைத் தோல் உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, ஆவணியில் எடுத்தேன். உள்ளே சிலந்தி வலை போலப் படர்ந்திருந்தது. தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல் பொட்டலம் நான்கைந்து, இவ்வளவுதான் செலவு. நிறம் மாறுகிற வகை ஜெல்லாக வாங்கு. மாறினால் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடலாம். வாரம் ஒருமுறையாவது எடுத்துப் படம் பிடி.

எல்லாரும் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்குப் போகும்போது, இப்போது கண்ணாடி உள்ள எஸ்எல்ஆர் கேமராவுக்கு லென்ஸ் வாங்குவது பைத்தியக்காரத்தனம் இல்லையா? (நாகர்கோவில்)

பழையதாக வாங்கினால் இல்லை. மற்றவர்கள் மாறுவதால்தான் நல்ல லென்ஸ்கள் விலைக்கு வருகின்றன. கேனன் லென்ஸை அடாப்டர் என்ற இணைப்பு வளையம் போட்டுப் புதிய கேமராவிலும் மாட்டலாம். வாங்கும்போது டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், ஜூம் வளையம் சிக்காமல் சுழல்கிறதா என்று பாருங்கள், துளையின் இதழ்களில் எண்ணெய் மினுங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, நீங்கள் எதை மாட்டியிருக்கிறீர்கள்?

18-135. ஜூம் வளையத்தின் ரப்பர் தளர்ந்து ஒரு பக்கம் எழும்பி நிற்கிறது. தோவாளைக்குப் போகிற நாளில் மட்டும் சட்டைப்பையில் 35 கூட வரும்.