பெரியப்பாவின் சீ.ஆர். கொப்பிகள்

அன்புள்ள ஐயா,

மரண வீடுகளுக்கு உதவும் எங்கள் ஊர் மரணாதாரச் சங்கத்துக்கு நீண்டகாலம் செயலாளராக இருந்தவர், எனக்குப் பெரியப்பா முறை, போன மாதம் காலமாகிவிட்டார். நீங்களும் அவரை அறிவீர்கள். ஓலை ஏடுகள், சீ.ஆர். கொப்பிகள் என்கிற தடித்த அட்டை நோட்டுகளில் எழுதிய குறிப்புகள், கூத்துக் கொப்பிகள், திருவிழா நோட்டீசுகள், நினைவுமலர்கள் என்று ஓர் அறை நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார். ஏடுகளை மட்டும் தரச் சொல்லி வெளியூரார் ஒருவர் கேட்கிறார். மிச்சத்தை என்ன செய்வதென்று பெரியம்மாவுக்குத் தெரியவில்லை. 31ஆம் நாளுக்கு மலர் போடவும் இருக்கிறோம். என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர், படுவான்கரை, மட்டக்களப்பு

அன்புள்ள தம்பி,

பெரியம்மாவிடம் என் துக்கத்தைச் சொல்லுங்கள். ஏடுகளைத் தனியே பிரித்துக் கொடுக்காதீர்கள். எந்த ஏடு எந்த வீட்டில் இருந்தது, அதை எந்தக் கோயில் சடங்கில் யார் படித்தார், அவருக்கு யார் பழக்கினார் என்பதெல்லாம் அந்த சீ.ஆர். கொப்பிகளில்தான் இருக்கிறது. வைகாசிச் சடங்கில் கண்ணகி கதையைச் சொல்லும் கண்ணகி வழக்குரை படித்த ஏடு ஒன்று, எந்த ஊர் ஏடு என்று தெரியாமல் போனால் பாதி ஊமையாகிவிடும்.

மரண வீட்டுக்கு நோட்டீஸ் எழுதப் போகிறவர் பெயரையும் நேரத்தையும் கேட்டுக்கொண்டு எழும்பிவிடலாம். பெரியப்பா அப்படி எழும்பியதில்லை. இறந்தவரின் தாய் யார், தாயின் தாய் யார், எந்தக் குடி (வம்சம்), எந்த ஊரிலிருந்து வந்தவர்கள் என்று பொறுமையாகக் கேட்டு எழுதுவார். நம் பக்கத்தில் குடி தாய்வழியாகத்தானே வருகிறது! அந்தப் பெண்களின் பெயர்களை வேறு யார் எழுதி வைத்தார்கள்? என்னைக் கேட்டால், ஏடுகளைவிட அரிய வேலை இதுதான்.

1962இல் எஃப்.எக்ஸ்.சி. நடராசா நம் பகுதியின் பழைய வரலாற்று நூலான மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார். 1964இல் வீ.சி. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் வந்தது. அவர்களை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் அப்படிப்பட்ட வேலைகளுக்கு ஆதாரமான ஏடுகளைக் கறையானுக்கும் மழைக்கும் விடாமல் வீட்டில் காத்தவர்களை யார் நினைக்கிறார்கள்? 1978 நவம்பர் சூறாவளி கூரைகளைக் கொண்டுபோனது. பிறகு 1990 போர்க்கால இடப்பெயர்வு, 2004 சுனாமி. சூறாவளிக்குப் பிறகு நனைந்த கூத்துக் கொப்பிகளை வீடு வீடாக வாங்கி, தாள் தாளாகப் பிரித்து நிழலில் உலர்த்தியவர் உங்கள் பெரியப்பா. அதைக் கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எதையும் இடம் மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு தட்டையும் கட்டையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். லமினேட் பண்ணுவது, செலோடேப் ஒட்டுவது, வெயிலில் காயவைப்பது, மூன்றும் வேண்டாம். மின்வருடல் (ஸ்கேன்) பற்றி, ஈழத்து ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவைக்கும் நூலகம் நிறுவனத்தாரோடு பேசிப் பாருங்கள். யார் எடுத்துப் போனாலும், மூலம் எப்போது வீட்டுக்குத் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மலரில் இரங்கற்பாக்களைக் குறைத்து, அவர் சேர்த்தவற்றின் பட்டியலையும் கொடுத்த வீட்டாரின் பெயர்களையும் அவர்களைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். கோயில் உரிமை, காணி பற்றிய கடதாசிகளை மட்டும் இப்போது வெளியில் விட வேண்டாம். அவரை நம்பிக் கொடுத்தவை அவை.

அப்புறம், பெரியம்மா. கொப்பி கொண்டுவந்த ஒவ்வொருவருக்கும் தேத்தண்ணி கொடுத்தவர் அவர். எழுதாமல் விட்ட எத்தனையோ அவருக்குத் தெரிந்திருக்கும். 31 கழிந்ததும் வருகிறேன், அவருக்குச் சம்மதமென்றால் பக்கத்தில் இருந்து குரலைப் பதிவுசெய்வோம். அதுவரை அறையைத் துப்புரவாக்கவென்று யாரையும் உள்ளே விடாதீர்கள்.