கடலூர் மாவட்டத்தில் போதிய கவனம் பெறாத நாவலாசிரியர் என்று யாரைச் சொல்வீர்கள்?

கண்மணி குணசேகரன். யோசிக்கவே வேண்டியதில்லை.

எங்கள் மாவட்டத்தின் இலக்கியப் பெருமைக்குக் குறைவில்லை. புதுமைப்பித்தன் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். ஜெயகாந்தன் மஞ்சக்குப்பத்துக்காரர். இமையம் 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். மேடைகளில் இந்த வரிசையைச் சொல்லி முடித்ததும் மைக் அடுத்தவர் கைக்குப் போய்விடும். விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லைக்காரரான குணசேகரனின் பெயர் வந்தால், 'வட்டார எழுத்தாளர்' என்பதோடு சரி. சென்னையில் நடந்தால் நாவல், முந்திரிக்காட்டில் நடந்தால் வட்டார நாவலா?

நானும் கடலூரில் உட்கார்ந்து நாவல் எழுதுகிறவன். ஆகவே என் வியப்பில் பாதி பொறாமை. அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக வேலை பார்த்தவர் அவர். 'நெடுஞ்சாலை' நாவலில் தற்காலிக ஊழியர்களாக ஒரு டிரைவர், ஒரு கண்டக்டர், ஒரு மெக்கானிக் வருகிறார்கள். வேறு யாராவது எழுதியிருந்தால் பணிமனை பின்னணியாக மட்டும் நின்றிருக்கும். இவருக்கு அந்த வேலைதான் கதையே. நிரந்தரமாகாதவனுக்கு பஸ்ஸில் ஒரு கீறல் விழுந்தாலும் வயிறு கலங்கும். வடலூர், நெய்வேலி வழியாக விருத்தாசலம் போகும் பஸ்ஸில் கண்டக்டர் சில்லறைக்காகச் சிடுசிடுத்தால், கணக்கு எங்கோ உதைக்கிறது போலும் என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது.

எனக்கு அதைவிடப் பிடித்தது 'கோரை'. ஒரு விவசாயி, அவன் நிலத்தில் மண்டும் கோரைப்புல். அடிப்படைக் கதை அவ்வளவுதான். கோரையைப் பிடுங்கினால் தழைதான் கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள் தங்கிவிடும். உழுதால் கிழங்குகள் சிதறி, இல்லாத இடத்திலும் முளைக்கும். இதை மட்டும் நம்பி ஒரு நாவலில் இறங்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! நானாக இருந்தால் மூன்றாவது அத்தியாயத்திலேயே பயந்துபோய் ஒரு காதலையோ கொலையையோ உள்ளே விட்டிருப்பேன்.

நெய்வேலி சுரங்கத்துக்காக நிலத்தை இழந்தவர்களைப் பற்றி 'வந்தாரங்குடி' எழுதினார். இதற்கு நடுவில் நடுநாட்டுச் சொற்களுக்கு, அதாவது கடலூர், விழுப்புரம் பக்கத்து வட்டாரச் சொற்களுக்கு, ஓர் அகராதியும் தொகுத்துவிட்டார். ஒரு பல்கலைக்கழகத் துறை ஆள் போட்டுச் செய்திருக்க வேண்டிய வேலை அது.

குறையே இல்லையா என்றால், உண்டு. 'அஞ்சலை' நாவலில், நாயகிக்கு மாப்பிள்ளை என்று ஒருவனைக் காட்டிவிட்டு வேறொருவனுக்குக் கட்டிவைக்கிறார்கள். அதன் பிறகு அந்தப் பெண்ணுக்கு அடிமேல் அடி. வாசகன் மூச்சுவிட இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். உரையாடல் முழுக்க இந்தப் பக்கத்துப் பேச்சு என்பதால், மதுரைக்காரர்களும் கோவைக்காரர்களும் முதல் சில பக்கங்களில் தடுமாறுவார்கள். பிறகு காது பழகிவிடும்.

பலரும் முதலில் 'அஞ்சலை'யைத்தான் கையில் கொடுக்கிறார்கள். நான் 'நெடுஞ்சாலை'யைக் கொடுப்பேன். விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர் என்றால் நேராகக் 'கோரை'க்கே போய்விடலாம்.