பெங்களூரில் பத்துப் பன்னிரண்டு பேருக்குக் கட்டணமில்லாமல் 50 கிலோமீட்டர் அல்ட்ரா ஓட்டம் (மாரத்தானைவிட நீண்ட ஓட்டம்) நடத்த முடியுமா? அனுமதி, பதக்கம், மருத்துவ உதவி ஆகியவற்றுக்கு என்ன செய்வது?

தாராளமாக முடியும். ஹெசரகட்டா பக்கத்தில் ஒரு கிராமத்துச் சாலையில், ஆண்டுதோறும் ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நானும் அல்சூரைச் சேர்ந்த சில நண்பர்களும் இதை நடத்திவருகிறோம். நீங்கள் கேட்டிருக்கும் மூன்றையும் பார்த்தால், உங்கள் குழு கட்டண ஓட்டங்களில் ஓடிப் பழகியது என்றும், அங்கே கண்ட ஏற்பாடுகளையே சிறிய அளவில் செய்துவிட எண்ணுகிறீர்கள் என்றும் தோன்றுகிறது. அந்த எண்ணத்தைக் கைவிடச் சொல்வேன். கட்டண ஓட்டங்களின் மீது எனக்குப் பகை எதுவும் இல்லை. நானும் பணம் கட்டி ஓடுகிறவன்தான். ஆனால் அவற்றின் ஏற்பாடுகள் பெரும்பாலும் முன்னால் ஓடுபவரையும் நடுவில் வரும் கூட்டத்தையும் மனத்தில் வைத்துச் செய்யப்படுகின்றன. பன்னிரண்டு பேர் ஓட்டத்தைக் கடைசியாக வரும் ஒருவரை வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

இவ்வகை ஓட்டத்துக்கு ஒரு மரபு உண்டு. 1970களின் இறுதியில் கலிஃபோர்னியாவில் ஜோ ஓக்ஸ் என்பவர், பண்டிகை நாட்களில் தின்று ஏற்றிக்கொண்ட எடையைக் கரைப்பதற்காக 50 மைல் ஓட்டம் ஒன்றைத் தொடங்கினார். கட்டணம் கிடையாது, பரிசு கிடையாது, வழியில் உதவி கிடையாது என்பதே அதன் விதி. முதல் இரண்டையும் நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம். மூன்றாவதை நான் ஏற்பதில்லை. நம் ஊரில் ஆளை வரவழைத்துவிட்டுச் சோறு தண்ணீர் கொடுக்காமல் அனுப்பினால் அது ஓட்டமாக இருக்கலாம், விருந்தோம்பலாக இருக்காது.

முதலில் பாதை. ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பன் பூங்காவுக்குள் வண்டிகளை விடுவதில்லை என்பதால் எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். விடிந்து சிறிது நேரத்திலேயே நடப்பவர்களும் குழந்தைகளும் நாய்களுமாக அது நிரம்பிவிடும். தோட்டக்கலைத் துறையின் இடத்தில் உணவு மேசை போட்டால் கேள்வி வருவதும் நியாயமே. துரஹள்ளிக் காடு வனத்துறையுடையது. பன்னேருகட்டாப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. இருட்டில் புறப்படும் ஓட்டத்துக்கு அது வேண்டவே வேண்டாம். ஆகவே வண்டிப் போக்குவரத்து குறைந்த ஊர்ச்சாலை ஒன்றைத் தேடிப்பிடித்து, இரண்டரை கிலோமீட்டர் போய்த் திரும்புவதை ஒரு சுற்றாக வைத்துக்கொள்ளுங்கள். பத்துச் சுற்றில் 50 கிலோமீட்டர் ஆகிவிடும். வட்டப் பாதையைவிட இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம், போய்த் திரும்பும் பாதையில் ஒவ்வொருவரும் மற்ற எல்லோரையும் எதிரெதிரே பார்த்துக்கொண்டே இருப்பார்கள். யார் முகம் வெளுத்திருக்கிறது, யார் கால் இழுக்கிறது என்பது அமைப்பாளருக்குத் தெரியும் முன்பே சக ஓட்டக்காரருக்குத் தெரிந்துவிடும். சாலையின் வலப்பக்கமாக, வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடச் சொல்லுங்கள். விடியும்வரை, தலையில் மாட்டும் ஹெட் டார்ச் இல்லாத யாரையும் சாலையில் இறக்காதீர்கள். ஜனவரியில் இங்கே சூரியன் உதிக்க ஆறரை மணிக்கு மேல் ஆகிவிடும். நாலரைக்குத் தொடங்கினால் முதல் இரண்டு மணி நேரம் இருட்டுதான்.

சாலையின் ஒரு முனையில் டீக்கடை இருப்பது பெரிய வசதி. கடைக்காரரிடம் ஒரு வாரம் முன்பே போய், கன்னடத்தில், என்ன செய்யப் போகிறோம் என்பதை விளக்கிவிடுங்கள். அவர் வீட்டுக் கழிவறையைப் பெண்கள் பயன்படுத்த அனுமதி கேட்டு, அதற்கு உரிய பணத்தையும் கொடுத்துவிடுங்கள். தமிழர்கள் நான்கு பேர் சேர்ந்தால் தமிழிலேயே உரக்கப் பேசிக் காரியத்தை நடத்தப் பார்ப்பது நம்மவர்களின் பழக்கம். அந்த ஊர்க்காரர்களின் தூக்கத்தையும் சாலையையும் இரவல் வாங்குகிறோம் என்ற நினைப்பு வேண்டும்.

மேசையில் நாங்கள் வைப்பவை: தண்ணீர் கேன், உப்புத் தூவிய வேகவைத்த உருளைக்கிழங்கு, ஏலக்கி வாழைப்பழம், கடலை மிட்டாய், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, மோர், பத்து மணிக்கு மேல் குழைவான தயிர்ச்சோறும் ஊறுகாயும். ஓஆர்எஸ் (நீரிழப்புக்கான உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி உள்ளது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கி, ஒரு லிட்டருக்கு உரியதை ஒரு லிட்டரிலேயே கரையுங்கள். காகிதக் கோப்பை வேண்டாம். அவரவர் தம்ளர் அவரவருக்கு. ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, மேலே வீட்டாரின் தொலைபேசி எண்ணையும், சாப்பிடும் மருந்துகளையும் எழுதச் செய்து, சுற்று முடியும்போதெல்லாம் நேரத்தை அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். எழுதும் கையைப் பார்த்தாலே ஆளின் நிலை தெரியும். ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை ஓட்டத்தின் நடுவில் போடக் கூடாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கடைசியாக வருபவரைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் எல்லோரும் அக்கா என்று அழைக்கும், பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் எங்களோடு ஓடுகிறார். மெதுவாக, ஆனால் நிற்காமல் ஓடுபவர். ஒரு பெரிய ஓட்டத்தில், பெயர் வேண்டாம், நல்ல வெயிலில் அவர் கடைசித் தண்ணீர் மேசைக்கு வந்தபோது பையன்கள் மேசையை மடித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று கைவிரித்துவிட்டார்கள். முன்னால் போனவர்கள் பாதி குடித்து எறிந்த புட்டிகள் சாலையெங்கும் கிடந்தன. அவரும் அதே கட்டணத்தைத்தான் செலுத்தியிருந்தார். இதைச் சொன்னால், "மெதுவாக ஓடுபவர்களுக்காக நாள் முழுவதும் காத்திருக்க முடியுமா?" என்று கேட்க ஒரு கூட்டம் வரும். நேர வரம்பு வைப்பது வேறு. வரம்பு முடியும் முன்பே மேசையை மடிப்பது வேறு. 1921ஆம் ஆண்டு தொடங்கிய தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டத்தில் 12 மணி நேரம் முடிந்ததும் துப்பாக்கி வெடித்து, ஓட்டம் முடியும் கோட்டை அடைத்துவிடுவார்கள். கண்டிப்பான முறைதான், ஆனால் அந்த நொடிவரை கோடு திறந்தே இருக்கும்.

எங்கள் ஓட்டத்துக்கு வந்த முதல் ஆண்டில், பழைய அனுபவத்தின் பயத்தில், அக்கா ஒவ்வொரு சுற்றிலும் வயிறு முட்டத் தண்ணீர் குடித்திருக்கிறார். உப்பான எதையும் தொடவில்லை. ஒன்பதாவது சுற்று முடிந்து நேரத்தை எழுதக் குனிந்தவர், பேனாவைக் கீழே வைத்துவிட்டு மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருந்தார். விரல் வீங்கி, மோதிரம் சதைக்குள் பதிந்திருந்தது. "ஒன்றுமில்லை தம்பி, கொஞ்சம் குமட்டுகிறது, அவ்வளவுதான்" என்றார். எங்களோடு ஓடும் மருத்துவர் ஒருவர் அதைப் பார்த்ததும் தண்ணீரைக் கையிலிருந்து வாங்கிவிட்டார். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் (இரத்தத்தில் உள்ள உப்பு) குறைந்திருந்தது என்றும், அதிகமாகக் குடித்து ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கும் அந்த ஆபத்து அதிகம் என்றும் 2005இல் ஓர் ஆய்வு வெளியானது. அதாவது இதுவும் மெதுவாக ஓடுபவரைத்தான் தேடி வருகிறது. அக்காவுக்குத் தடுமாற்றமோ தலைவலியோ இல்லை; பேச்சில் தெளிவு இருந்தது. உட்காரவைத்து, உப்பானவற்றைச் சாப்பிடக் கொடுத்து, சிறுநீர் கழியும்வரை பக்கத்திலேயே இருந்தோம். குழப்பமோ வாந்தியோ இருந்திருந்தால் நேராக மருத்துவமனைக்குத்தான் போயிருப்போம். வண்டியைச் சாவியோடு தயாராக நிறுத்தியிருந்தோம்.

பத்தாவது சுற்றுக்கு அவரை விடவில்லை. அவரும் சிறிது நேரம் முறைத்துவிட்டு ஒப்புக்கொண்டார். நோட்டில் 45 கிலோமீட்டர் என்று இருக்கிறது. 42.195 கிலோமீட்டரைத் தாண்டிய எதுவும் அல்ட்ராதான் என்று நான் சொன்னபோது, "அது ஓடி முடித்ததாகாது" என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் திருத்தினார். அவருக்கு இன்றுவரை என் பதில் இதுதான்: அன்று ஒரு பதக்கம் மேசையில் இருந்திருந்தால் அக்கா நின்றிருக்க மாட்டார், நாங்களும் நிறுத்தத் தயங்கியிருப்போம். பரிசு இல்லாததால்தான் ஒருவரை நிறுத்துவது எளிதாக இருக்கிறது. எனவே பதக்கம் வேண்டாம். பதாகையோடு வரும் நிறுவனங்களும் வேண்டாம். அடுத்த ஆண்டு நூறு பேரைத் திரட்டித் தருகிறேன் என்று ஒருவர் எங்களிடம் வந்தார். மோர் கொடுத்து அனுப்பிவைத்தோம்.

அனுமதியைப் பொறுத்தவரை, நான் வழக்கறிஞன் அல்லன். சாலையை மறிக்க, பந்தல் போட, ஒலிபெருக்கி வைக்க நினைத்தால் கட்டாயம் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். நாங்கள் இவற்றில் எதையும் செய்வதில்லை. ஆனாலும் உள்ளூர்க் காவல் நிலையத்தில் நாளையும் நேரத்தையும் குறித்து ஒரு கடிதம் கொடுத்துவிடுகிறோம். "என் பொறுப்பில் ஓடுகிறேன்" என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்குகிறோம். அது அவர்களுக்கு நினைவூட்டலே தவிர, நமக்குக் கவசம் என்று நம்பிவிடாதீர்கள். 108, 112 எண்களோடு, அருகிலுள்ள மருத்துவமனை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்பதையும் நேரில் போய் விசாரித்து வையுங்கள். அறிமுகமில்லாத ஆளை, எத்தனை வேகமானவராக இருந்தாலும், சேர்க்காதீர்கள்.

செலவு அதிகம் ஆகாது. ஆளுக்கொரு பாத்திரம் சமைத்துக் கொண்டுவந்தால் தண்ணீர், பழம், டீக்கடைக்காரருக்குக் கொடுப்பது ஆகியவை மட்டுமே மிச்சம். அதை அமைப்பாளர் ஏற்பதே மரியாதை. உண்டியல் வைத்தால் அது வேறு பெயரில் கட்டணமாகிவிடும். ஒரு கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் ஓடுபவருக்கே ஆறு மணி நேரம் நாற்பது நிமிடம் ஆகும். கடைசி ஆள் வெயிலில்தான் முடிப்பார். பதினொரு மணிக்கு மேல் அவரோடு சைக்கிளில் போய்வர ஒருவரை இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். அவர் ஓடாதவராக இருந்தால் நல்லது.