ஊசி குத்தியதால் அம்மாவுக்குப் புற்றுநோய் பரவிவிட்டதா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. வீட்டில் லுங்கித் தறி ஓட்டுகிறோம். இடது மார்பில் தடிப்பு மாதிரி இருந்தது. ஊசியால் சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. அக்குளில் ஒரு நெறியிலும் இருக்கிறதாம். ரிப்போர்ட்டில் 'லோபுலர் கார்சினோமா, ஈஆர் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ், ஈ-கேட்ஹெரின் நெகட்டிவ்' என்று போட்டிருக்கிறது. "ஜீன்களின் கட்டுப்பாடு மாறிப்போவதால்தான் செல்கள் இடம்விட்டு நகர்கின்றன" என்றார் டாக்டர். அத்தையோ, "ஊசி குத்தினதாலதான் பரவிடுச்சு, கத்தி பட்டா உடம்பெல்லாம் போயிடும்" என்று அழுகிறார். பச்சிலை வைத்தியரிடம் போகலாம் என்கிறார்கள். ஆபரேஷன் தேதி தாண்டிவிட்டது. ஜீன் என்றால் எனக்கும் என் மகளுக்கும் வருமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: சகோதரி, இந்த வாரமே அம்மாவை அழைத்துப் போய்ப் புதுத் தேதி வாங்கிவிடுங்கள். மற்றதை அதன்பிறகு நிதானமாகப் படிக்கலாம்.

ஊசி பரப்பவில்லை. நெறியில் கண்டுபிடிக்கும் அளவுக்குச் செல்கள் வளர மாதக்கணக்கில் ஆகும். அவை ஊசிக்கு வெகு முன்பே அங்கே போய்ச் சேர்ந்தவை. ஊசித் தடத்தில் செல் ஒட்டிக்கொண்டு வளர்வது மிக மிக அரிது. அத்தையின் பயம் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. நம் பக்கத்தில் பலரும் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அதற்குள் நோய் பரவியிருக்கும், பழி மட்டும் கத்தி மேல் விழும். அவரைக் கோபிக்காதீர்கள், ஆனால் அவர் பேச்சைக் கேட்டு நாளைக் கடத்தவும் செய்யாதீர்கள்.

சரி, டாக்டர் சொன்ன கட்டுப்பாடு என்ன? நம் உடம்பின் அநேகமாக எல்லாச் செல்லிலும் ஒரே டிஎன்ஏதான், புரதம் செய்யச் சொல்லும் சுமார் 20,000 மரபணுக்களோடு (ஜீன் என்பது இதுதான்). தோல் செல்லிலும் ஈரல் செல்லிலும் அதே தொகுதிதான். உங்கள் தறியில் பாவு ஒன்றே என்றாலும், எந்த மிதியை மிதிக்கிறீர்களோ அதற்குரிய இழைகள்தானே எழுகின்றன? அப்படி எந்த மரபணு எழ வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதைச் சில புரதங்களும், டிஎன்ஏ மேல் ஒட்டும் மெத்தில் போன்ற சிறு வேதிக்குறிகளும், மைக்ரோ ஆர்என்ஏ என்ற துண்டுகளும் தீர்மானிக்கின்றன. அந்த மைக்ரோ ஆர்என்ஏவைக் கண்டுபிடித்த விக்டர் அம்ப்ரோஸுக்கும் கேரி ரவ்கனுக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது.

கருவில் குழந்தை உருவாகும்போது செல்கள் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்ந்தாக வேண்டும். அதற்கான கட்டளையைத் தருபவை 'ஸ்னெயில்', 'ட்விஸ்ட்' போன்ற புரதங்கள். முதலில் பழ ஈக்களில் அறியப்பட்டவை. பிறந்த பிறகு பெரும்பாலும் இவை அடங்கிவிடும். புற்றுநோய்ச் செல்லோ இவற்றை மறுபடி எழுப்பிக்கொள்கிறது. பக்கத்துச் செல்லோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ள உதவும் புரதம்தான் ஈ-கேட்ஹெரின். ஸ்னெயில் போய் அதன் மரபணுவை அடக்கிவிடும். பிடி விட்டதும் செல் நழுவி ரத்தத்திலோ நிணநீரிலோ கலக்கும். எலிகளின் மார்புக் கட்டியில் ட்விஸ்ட்டைக் குறைத்தபோது நுரையீரலுக்குப் பரவுவது குறைந்ததை 2004இல் காட்டினார்கள். கட்டிக்குள் பிராணவாயு குறைந்தாலும் இந்தக் கட்டளைகள் கிளம்பும்.

இப்படி நழுவும் செல்களில் பெரும்பாலானவை வழியிலேயே செத்துவிடுகின்றன. தப்பியவை புது இடத்தில் பழைய ஒட்டும் குணத்தை மீட்டுக்கொண்டு வளர்வதும் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: பரவுதலின் பெரும்பகுதி, மரபணு எழுவதிலும் அடங்குவதிலும் நடக்கிறது. எழுந்ததை அடக்க முடியும் என்பதால் அங்கே மருந்துக்கு இடமிருக்கிறது.

இப்போது உங்கள் ரிப்போர்ட். 'ஈ-கேட்ஹெரின் நெகட்டிவ்' என்றதும் எல்லாம் கைமீறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். லோபுலர் என்ற இந்த மார்பகப் புற்றுநோய் வகையில் ஈ-கேட்ஹெரினுக்கான மரபணுவே பெரும்பாலும் பழுதாகியிருக்கும். ஒட்டும் பிடி இல்லாததால் செல்கள் மைக்ரோஸ்கோப்பில் ஒற்றை வரிசையாக எறும்புச்சாரை போலத் தெரியும். அம்மாவுக்கு உருண்டைக் கட்டியாக இல்லாமல் தடிப்பாகத் தோன்றியதும் இதனால்தான். வகையை உறுதிசெய்யவே அந்தச் சோதனை. எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை அது சொல்லாது.

நல்ல செய்தி 'ஈஆர் பாசிட்டிவ்'. ஈஆர் என்றால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி. அதுவே ஒரு மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதம். ஈஸ்ட்ரோஜன் சேர்ந்ததும் அது டிஎன்ஏவில் போய் உட்கார்ந்து, வளரச் சொல்லும் மரபணுக்களை எழுப்பும். டாமோக்ஸிஃபென் அந்த ஏற்பியை மறிக்கிறது. மாதவிடாய் நின்றவர்களுக்குத் தரும் லெட்ரோசோல் போன்றவை ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே குறைக்கின்றன. ஆபரேஷனுக்குப் பின் இதில் ஒன்றைப் பொதுவாக 5 ஆண்டாவது தினமும் விழுங்கச் சொல்வார்கள். மூட்டுவலி வருகிறது, உடம்பு தேறிவிட்டது என்று பலர் நடுவில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தவே கூடாது, வலி இருந்தால் டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்றிக்கொள்ளலாம். லெட்ரோசோல் என்றால் எலும்புத் தேய்மானத்துக்கும் சோதனை கேளுங்கள். பச்சிலை எதையாவது ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

உங்களுக்கும் மகளுக்கும் வருமா? அம்மாவின் செல்லில் மாறியவை பெரும்பாலும் வாழ்நாளில் அந்த மார்பில் மட்டும் மாறியவை. அவை கருமுட்டை வழியே பிள்ளைக்கு வராது. மார்பகப் புற்றுநோயில் 100க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் பரம்பரைக் காரணம். குடும்பத்தில் வேறு யாருக்காவது மார்பிலோ சினைப்பையிலோ வயிற்றிலோ, 50 வயதுக்கு முன்பே புற்றுநோய் வந்திருந்தால் மரபியல் ஆலோசனை பெறுங்கள், வேலூர் சி.எம்.சி.யில் அதற்குத் தனித் துறையே இருக்கிறது. அப்படி யாரும் இல்லையென்றாலும், எந்த வயதிலிருந்து மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கலாம் என்று அம்மாவின் டாக்டரிடமே கேட்டுவையுங்கள். மகளைப் பற்றி இப்போது கவலை வேண்டாம்.

செலவை நினைத்துத் தயங்கினால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இடமுண்டு. அட்டை இல்லையென்றால் விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு வேலூர் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் வழி கேட்கலாம். பயாப்ஸி ரிப்போர்ட்டின் அசலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, எங்கே போனாலும் கூடவே எடுத்துப் போங்கள்.